போன், ஐபேட், லேப்டாப் மூன்றிலும் ஒரே தரவு: தோட்டத்து இணைய லைனுக்கு எது தாங்கும்?

செம்பனை_சாலை (பெஸ்தாரி ஜெயா, மலேசியா):

வணக்கம். வீட்டில் ஆண்ட்ராய்டு 14 போன் ஒன்று, பிள்ளையின் ஐபேட் ஒன்று, விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று. மூன்றிலும் ஒரே விவரம் இருக்க வேண்டும், ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாற வேண்டும். இப்போதைய நிலை இது:

தொடர்பு எண்கள் 640 சொச்சம். போனில் பாதி சிம்மில், கொஞ்சம் போனில், மிச்சம் கூகல் கணக்கில் கிடக்கிறது. ஐபேடில் 190தான் வருகிறது.

படமும் வீடியோவும் சேர்த்து 38 ஜிபி.

கோப்புகள் 3 ஜிபி. சான்றிதழ், பிறப்புப் பத்திர ஸ்கேன், மாதக் கணக்கு எக்செல், கோவில் கமிட்டி பெயர்ப் பட்டியல். கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் தமிழில்.

நாள்காட்டியில் ஆலை ஷிப்ட், பள்ளி விடுமுறை.

லைன்தான் பிரச்சினை. தோட்டத்துக்குள் சிம் போட்ட ரவுட்டர். இறக்கம் (டவுன்லோட்) சுமார், ஏற்றம் (அப்லோட்) 2 எம்பிபிஎஸ் தாண்டாது, மழை வந்தால் அதுவும் இல்லை. மாதக் கோட்டா உண்டு. கூகலின் இலவச 15 ஜிபியில் 11 ஏற்கெனவே நிறைந்துவிட்டது. மாதக் கட்டணம் கட்டத்தான் வேண்டுமென்றால் கட்டலாம், ஆனால் கட்டியும் ஏறாமல் நின்றால் என்ன பயன்? எங்கிருந்து தொடங்குவது?

---

ஒயர்மேன்:

எல்லாத்துக்கும் ஒரே ஆப் தேடாதீங்க. தொடர்பு எண்ணுக்கு ஒரு வீடு, படத்துக்கு ஒரு வீடு, கோப்புக்கு ஒரு வீடுன்னு பிரிச்சிடுங்க. ஒரே பொருளுக்கு ரெண்டு வீடு இருந்தாத்தான் இரட்டைப் பதிவும் காணாமப் போறதும். எண்கள்ல இருந்து தொடங்குங்க. மொத்தமே சில எம்பிதான், உங்க லைனுக்கு அது தூசி.

ஐபேட்ல 190 மட்டும் வர்றதுக்குக் காரணம் லைன் இல்ல. கூகல் கணக்குல சேமிச்ச எண்தான் சிங்க் ஆகும், அதாவது எல்லாக் கருவிக்கும் போய்ச் சேரும். சிம்ல இருக்கிறதும், ‘டிவைஸ்’னு சேமிச்சதும் அந்தப் போனை விட்டு நகராது. முதல்ல அதை எல்லாம் கணக்குக்குள்ள கொண்டு வரணும்.

போன்ல கூகல் கான்டாக்ட்ஸ் ஆப்பைத் திறங்க. ‘ஆர்கனைஸ்’ பக்கத்துல சிம்மில் இருந்து இறக்குமதி செய்யும் வழி இருக்கு. எந்தக் கணக்குன்னு கேட்கும்போது ஜிமெயிலைத் தேர்ந்தெடுங்க, இங்கதான் பலர் அவசரத்துல ‘டிவைஸ்’ஐத் தட்டிடுவாங்க. அடுத்து அதே ஆப்போட சிங்க் அமைப்புல, டிவைஸ் எண்களையும் சேர்த்து சிங்க் செய்யும் சுவிட்சைப் போடுங்க. சாம்சுங் போன்னா அதோட சொந்த கான்டாக்ட்ஸ் ஆப்புலயே ‘மேனேஜ் கான்டாக்ட்ஸ்’, அப்புறம் ‘மூவ் கான்டாக்ட்ஸ்’னு இருக்கும், அது நகல் எடுக்காம இடம் மாத்தும், அதனால இரட்டிப்பு குறைவு.

இதுக்கு அப்புறம் ‘மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்’ ஓட்டுங்க. ‘எல்லாத்தையும் இணை’ பொத்தானை அமுக்காதீங்க, ஒண்ணொண்ணாப் பாருங்க. நம்ம பட்டியல்ல ‘முனியாண்டி’ மூணு பேர் இருப்பாங்க, மூணு பேரும் வேற வேற ஆள். அப்படியே தவறிப் போனாலும் பயப்பட வேண்டாம்: லேப்டாப் பிரவுசர்ல கூகல் கான்டாக்ட்ஸ் திறந்து, மேல இருக்கிற பல்சக்கரத்துல ‘அன்டூ சேஞ்சஸ்’. 10 நிமிஷம் முன்னாடியோ, நேத்தோ, 30 நாள் வரைக்கும் எந்த நேரத்துக்கு வேணும்னாலும் பட்டியலைத் திருப்பலாம்.

ஐபேட்ல: செட்டிங்ஸ், ஆப்ஸ், கான்டாக்ட்ஸ், அதுல கணக்கு சேர்க்கும் இடம், கூகல். (ஐபேட்ஓஎஸ் 18க்கு முந்தியதுன்னா ‘ஆப்ஸ்’ படி இருக்காது, நேரா கான்டாக்ட்ஸ்.) கான்டாக்ட்ஸ், கேலண்டர் ரெண்டு சுவிட்சையும் போடுங்க. அதே பக்கத்துல ‘டிஃபால்ட் அக்கவுன்ட்’ ஜிமெயில்னு மாத்துங்க. இதை விட்டா ஐபேட்ல புதுசா சேர்க்கிற எண் எல்லாம் ஆப்பிளோட ஐகிளவுடுக்குப் போய் உட்காரும், போனுக்கு வரவே வராது. ஐகிளவுட் பக்கம் கான்டாக்ட்ஸ் சுவிட்சை அணைச்சிடுங்க. அணைக்கும்போது ‘இந்த ஐபேட்ல வச்சிருக்கவா, அழிக்கவா’ன்னு கேட்கும், அங்க மட்டும் இருக்கிற எண் எதுவும் இல்லைன்னு பார்த்துட்டு அழிங்க.

இன்னொண்ணு. போன்ல சேர்த்த எண் ஐபேட்ல உடனே தெரியலைன்னா கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. மெயில் கணக்குப் பகுதியில ‘ஃபெட்ச் நியூ டேட்டா’ன்னு ஒண்ணு இருக்கு, அது ‘ஆட்டோமேட்டிக்’ல இருந்தா சார்ஜும் வைஃபையும் சேர்ந்து இருக்கும்போதுதான் பின்னணியில இழுக்கும். 15 நிமிஷத்துக்கு ஒரு முறைன்னு வச்சுக்கலாம்.

நாள்காட்டிக்கும் இதே கணக்கு போதும். ஷிப்டுக்குத் தனி நாள்காட்டி உண்டாக்கியிருந்தா அது ஐபேட்ல வராம இருக்கலாம். கூகல் கேலண்டர்ல ‘சிங்க்செலெக்ட்’னு ஒரு பக்கம் இருக்கு, அங்க எந்தெந்த நாள்காட்டி ஆப்பிள் கருவிக்குப் போகணும்னு டிக் போட்டு சேவ் பண்ணணும். நாலு வரிப் பக்கம், அது தெரியாமத்தான் பாதிப்பேர் ஆப்பை அழிச்சு அழிச்சுப் போடுறாங்க.

---

கித்தா_மரம்:

ஒயர்மேன் சொன்னது சரி. படத்துக்கு நான் கணக்கு போட்டுத் தருகிறேன்.

38 ஜிபி என்றால் 3,04,000 மெகாபிட். ஏற்றம் 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 1,52,000 வினாடி, அதாவது 42 மணி நேரம், ஒரு முறைகூட அறுந்து போகாமல் இருந்தால். இரவு 11 முதல் காலை 6 வரை மட்டும் ஓட்டினால் ஆறு இரவு. முடியாத காரியமில்லை. கூகல் ஃபோட்டோஸ் படம் படமாக ஏற்றுவதால் லைன் அறுந்தாலும் ஏறிய படங்கள் ஏறியவைதான். திணறுவது 2 ஜிபி, 3 ஜிபி வீடியோக்களில். திருமண வீடியோ போன்றவற்றை முதலிலேயே லேப்டாப்புக்குக் கேபிள் வழியாக நகர்த்திவிடுங்கள்.

கோட்டாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 38 ஜிபி ஏற்றினால் 38 ஜிபி கோட்டா போகும், ஏற்றம் இறக்கம் என்று பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பல பிளான்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கோட்டா வைத்து அதைச் சின்னதாகக் கொடுத்திருப்பார்கள். அதனால் முதல் ஏற்றத்தை மட்டும் நல்ல கம்பி இணைப்பு உள்ள இடத்தில் முடித்துவிட்டு, அன்றாட ஏற்றத்தை வீட்டு லைனுக்கு விடுவது நல்லது. அருகில் நாடி மையம் (அரசின் சமூக இணைய மையம்) இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே உங்கள் சொந்தப் போனை வைஃபையில் இணைத்து ஏற்றுங்கள். மையத்துக் கணினியில் உங்கள் கூகல் கணக்கைத் திறந்துவிட்டு வராதீர்கள்.

இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் பொது. 2021 ஜூன் 1க்கு முன் ‘ஹை குவாலிட்டி’யில் ஏற்றிய படங்கள் கணக்கில் சேராது, அதற்குப் பின் ஏற்றியவை எல்லாம் சேரும். வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதே 15க்குள்தான். நிறைந்துவிட்டால் படம் ஏறாமல் நிற்பதோடு முடியாது, ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுவிடும். வங்கியின் அஞ்சல், கடவுச்சொல் மாற்றும் அஞ்சல் எல்லாம் அதில்தான் வருகின்றன. நீங்கள் 11ல் இருக்கிறீர்கள், ஆகவே மாதக் கட்டணம் இல்லாமல் கூகல் ஃபோட்டோஸ் பக்கம் போக வேண்டாம். ‘ஸ்டோரேஜ் சேவர்’ வைத்தாலும் 38 ஜிபி உங்கள் மிச்ச 4க்குள் அடங்காது. அது படத்தை 16 மெகாபிக்சலுக்கும் வீடியோவை 1080க்கும் குறைக்கும். ஏற்கெனவே 12 மெகாபிக்சல் படமென்றால் மெகாபிக்சல் குறையாது, கோப்பை அழுத்துவது மட்டும்தான்.

கட்டணம் கட்டுவதாக முடிவு செய்தால் இரண்டு இடத்தில் கவனம். பேக்கப் அமைப்பில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ‘டிவைஸ் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் கேமராவை மட்டும் விட்டு, வாட்ஸ்அப் இமேஜஸை அணையுங்கள். குடும்பக் குழு, கோவில் குழு, பள்ளிக் குழு மூன்றிலும் வரும் காலை வணக்கப் பூக்களுக்கு மாதம் மாதம் காசு கட்ட வேண்டியதில்லை.

அழிப்பு பற்றி எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கூகல் ஃபோட்டோஸ் ஆப்புக்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், மேகத்திலும் (கூகலின் இணையச் சேமிப்பு) போகும், ஐபேடிலும் போகும். போனில் இடம் காலியாக வேண்டுமென்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ பயன்படுத்துங்கள். அது ஏறி முடிந்தவற்றைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும். தவறி அழித்ததை, ஏறிய படமென்றால் 60 நாள் வரை குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம். ஏறாத படமென்றால் 30 நாள்தான்.

---

செம்பனை_சாலை:

ஒயர்மேன் அண்ணே, எண்கள் முடிந்தது. 640ல் 71 இரட்டைப் பதிவு. ஐபேடில் இப்போது 569 காட்டுகிறது, ஷிப்ட் நாள்காட்டியும் வந்துவிட்டது. சிங்க்செலெக்ட் பக்கம்தான் காரணம்.

படத்தை மாதக் கட்டணம் இல்லாமல், இணையத்தையும் தின்னாமல் லேப்டாப்புக்குக் கொண்டுவர முடியுமா? மூன்றும் ஒரே வீட்டில், ஒரே ரவுட்டரில்தானே இருக்கின்றன. கோப்புகளும் அப்படியே போனால் நல்லது.

---

தட்டச்சு_அக்கா:

முடியும் தம்பி. அதற்குத்தான் சிங்திங் என்ற மென்பொருள். நடுவில் யாருடைய சர்வரிலும் கோப்பு தங்காது, கருவிக்குக் கருவி நேராகப் போகும், வீட்டு வைஃபைக்குள் போவதால் கோட்டாவில் ஒரு எம்பிகூடக் குறையாது. 38 ஜிபி உங்கள் ரவுட்டரின் வைஃபையில் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

விண்டோஸில் நிறுவியதும் பிரவுசரில் 127.0.0.1:8384 என்று போட்டால் அதன் பலகை திறக்கும். ஆண்ட்ராய்டுக்கு அதிகாரபூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. இப்போது எல்லாரும் பயன்படுத்துவது சிங்திங்-ஃபோர்க், அது எஃப்-டிராய்டு என்ற ஆப் கடையில் கிடைக்கும். ஒவ்வொரு கருவிக்கும் 56 எழுத்து அடையாளம் ஒன்று உண்டு, அதைத் தட்ட வேண்டாம். லேப்டாப் பலகையில் ‘ஷோ ஐடி’ அழுத்தி வரும் கட்டப் படத்தை (கியூஆர் குறி) போன் கேமராவில் காட்டுங்கள். பிறகு லேப்டாப்பில் ‘இந்தப் போனைச் சேர்க்கவா’ என்று கேட்கும். இரு பக்கமும் சம்மதித்தால்தான் இணைப்பு.

இரண்டும் ஒன்றையொன்று காணவில்லையா? மூன்று இடம் பாருங்கள். விண்டோஸில் அந்த வைஃபை ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள், இல்லாவிட்டால் ஃபயர்வால் தடுக்கும் (22000 டிசிபி, யுடிபி இரண்டும், தேடலுக்கு 21027 யுடிபி). போன் ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் இருக்கக் கூடாது. ரவுட்டரில் ‘ஏபி ஐசொலேஷன்’ (ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுப்பது) அணைந்திருக்க வேண்டும். சிம் ரவுட்டர்கள் சிலவற்றில் இது தானாகவே போட்டு வரும். இவை சரியில்லாவிட்டாலும் சிங்திங் நின்றுவிடாது, இணையத்தில் உள்ள ரிலே என்ற இடைச் சர்வர் வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கும். மெதுவாக இருக்கும், உங்கள் கோட்டாவும் கரையும். அதனால் போன் பக்கத்தில் ‘வைஃபையில் மட்டும்’ என்பதோடு உங்கள் வீட்டு வைஃபை பெயரையும் குறித்துவிடுங்கள். லேப்டாப் பலகையில் ‘ரிலேயிங்’ டிக்கையும் எடுத்துவிடலாம்.

போன் பூட்டியதும் ஓட்டம் நிற்கிறது என்றால் அது பேட்டரி சிக்கனம். ஆப் இன்ஃபோ, பேட்டரி, ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’. ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று இன்னொரு சுவிட்சும் இருக்கும், இரண்டையும் போட வேண்டும்.

இப்போது படக் கோப்புறை. போனில் கேமரா கோப்புறையை ‘சென்ட் ஒன்லி’, லேப்டாப்பில் ‘ரிசீவ் ஒன்லி’ வைப்பார்கள். வைத்துவிட்டு, ‘இனி போனில் அழித்தாலும் லேப்டாப்பில் இருக்கும்’ என்று நம்பிவிடுவார்கள். இருக்காது. சென்ட் ஒன்லி என்பது மாற்றம் ஒரே திசையில் போகும் என்பது மட்டும்தான், அழிப்பும் ஒரு மாற்றம்தானே. லேப்டாப் பக்கம் ‘ஃபைல் வெர்ஷனிங்’ (மாறியதன், அழிந்ததன் பழைய பிரதியை ஒதுக்கி வைக்கும் வசதி) போடாவிட்டால் போனில் இடம் காலி செய்த அன்றே அங்கும் காலி.

வெர்ஷனிங் எந்தக் கருவியில் போடுகிறோமோ, அதற்கு வெளியிலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். போனில் போட்டுவிட்டுப் போனிலேயே அழித்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே லேப்டாப்பில் போடுங்கள். ‘ஸ்டேகர்ட்’ வகை நல்லது: முதல் நாளுக்கு மணிக்கு ஒன்று, முப்பது நாள் வரை நாளுக்கு ஒன்று, அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று என்று பழையதை வைத்திருக்கும், இயல்பாக 365 நாள் வரை. படத்துக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம், ‘டிராஷ் கேன்’ போதும். எத்தனை நாள் என்பதை 0 வைத்தால் தானாக அழிக்காது.

பிடித்த படங்களை வேறு கோப்புறைக்கு நகல் எடுங்கள், நகர்த்தாதீர்கள். ரிசீவ் ஒன்லி கோப்புறையிலிருந்து நகர்த்தினால் ‘ரிவர்ட் லோக்கல் சேஞ்சஸ்’ என்று ஒரு பொத்தான் எட்டிப் பார்க்கும். என்றாவது யாராவது அதை அழுத்துவார்கள், நகர்த்தியதெல்லாம் மறுபடி போனிலிருந்து இறங்கி வந்து நிற்கும்.

கோப்புகளுக்கு இருவழி, ‘சென்ட் அண்ட் ரிசீவ்’. இங்கே எக்செல்தான் தகராறு. லேப்டாப்பில் திறந்து வைத்தபடியே போனிலும் திருத்தினால் இரண்டு பிரதி உண்டாகும். பெயரில் ‘சிங்க்-கான்ஃபிளிக்ட்’ என்று தேதி நேரத்தோடு ஒன்று தனியாகக் கிடக்கும். திருத்திய நேரம் பழையதாக உள்ள கோப்பைத்தான் அது ஒதுக்கும். ஆகவே ஒரு கருவியின் கடிகாரம் தவறாக இருந்தால் நல்ல கோப்பு ஒதுக்கப்பட்டு அரைகுறை கோப்பு ஜெயித்துவிடும். எல்லாவற்றிலும் தானியங்கி நேரம் இருக்கட்டும். எக்செல் திறந்திருக்கும்போது உண்டாகும் மறைவுக் கோப்பும் சுற்றிக்கொண்டிருக்கும். ‘இக்னோர் பேட்டர்ன்ஸ்’ பக்கத்தில் ~$* என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ் கோப்பு ஏதாவது இருந்தால் அதை இந்தக் கோப்புறைக்குள் வைக்கவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் நகலானால் திறக்காது.

இனித் தமிழ்ப் பெயர்கள். இதை ஆங்கிலக் குறிப்புகளில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆண்ட்ராய்டில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தைப்பூசம்’ என்பது நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. உள்ளே த, ஐகாரக் குறி, ப, புள்ளி, ப, ஊகாரக் குறி, ச, ம, புள்ளி என்று ஒன்பது. 27 பைட். ஆக 85 குறியில் எல்லை முடிந்துவிடும். விண்டோஸில் 255 குறி வரை விடும், அதனால் ‘மாரியம்மன் கோவில் கமிட்டி ஆண்டுக் கூட்ட அறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் திருத்தியது இறுதிப் பிரதி’ என்று நீட்டிப் பெயர் வைத்த கோப்பு லேப்டாப்பில் சுகமாக இருக்கும், போனுக்குப் போகாமல் ‘அவுட் ஆஃப் சிங்க்’ என்று ஒன்று மட்டும் நிற்கும். பெயரைச் சுருக்குங்கள், போய்விடும்.

நேர்மாறாகவும் உண்டு. ஆண்ட்ராய்டில் பெயருக்குள் : ? " போன்றவை வைத்தாலும் ஏற்கும் இடங்கள் இருக்கின்றன, விண்டோஸ் ஏற்காது. ‘எத்தனை மணிக்கு?’ என்று கேள்விக்குறியோடு சேமித்த குறிப்பு லேப்டாப்புக்கு வராது.

மூன்றாவது கண்ணால் பிடிக்க முடியாதது. ‘கோ’ என்பதை ஓகாரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. மேக்கின் பழைய வட்டு முறையில் பெயரிட்ட கோப்புகள் இந்தப் பிரித்த வடிவத்தில் வரும். அதனால்தான் ஒரே கோப்புறையில் ‘கோவில் கணக்கு’ இரண்டு நிற்பதும், தேடினால் ஒன்று மட்டும் கிடைப்பதும். சிங்திங் இதைத் தானாகச் சீராக்கும், வாட்ஸ்அப்பிலோ பென்டிரைவிலோ வந்தவை சீராகாது. அந்தப் பெயரை அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையில் புதிதாகத் தட்டுங்கள். பெயரின் முன்னால் ‘2025-02-11 தைப்பூசம்’ என்கிறபடி தேதியை வைத்தால் எந்தக் கருவியிலும் வரிசை மாறாது.

ஐபேடுக்கு இதில் இடம் குறைவு. ஆப்பிள் பின்னணியில் ஓட விடாது; மோபியஸ் சிங்க் போன்ற ஆப்கள் இருந்தாலும் திறந்து வைத்தால்தான் நகரும். பிள்ளைக்கு வேண்டியது பள்ளிக் கோப்பு மட்டும் என்றால் அதை கூகல் டிரைவில் வைத்துவிடுங்கள், உங்கள் 4 ஜிபி மிச்சம் அதற்குப் போதும்.

---

மூன்றாம்_லயம்:

இவ்வளவு வேலை வேண்டாமே. 100 ஜிபி வாங்கி எல்லாத்தையும் கூகல்ல போட்டா ஐந்து நிமிஷத்தில் முடியும். சிங்திங் எல்லாம் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியும், அவர் இல்லாத நாளில் மற்றவர்களால் ஒரு சான்றிதழைக்கூட எடுக்க முடியாது. வீட்டம்மாவுக்கும் புரிகிற முறைதான் முறை.

---

தட்டச்சு_அக்கா:

மூன்றாம்_லயம் சொல்வதில் ஞாயம் இருக்கிறது; காசு ஒரு பொருட்டில்லை, லைனும் நல்ல லைன் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இங்கே ஏற்றம் 2 எம்பிபிஎஸ். சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாம் சேர்த்து 200 எம்பிகூட வராது. அவற்றை மட்டும் டிரைவில் ஒரு கோப்புறையில் வைத்து வீட்டில் உள்ளவர்களோடு பகிர்ந்துவிட்டால் யாரும் எப்போதும் எடுக்கலாம். படத்தை வைஃபைக்குள் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்காது.

---

கித்தா_மரம்:

லேப்டாப்பில் சிங்திங் கோப்புறையை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11ல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் உங்களைக் கேட்காமலே மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். அதன் இலவச இடம் 5 ஜிபி. 38 ஜிபி படத்தை பிக்சர்ஸுக்குள் இறக்கினால் ஒன்டிரைவ் அதை உங்கள் சிம் ரவுட்டர் வழியாக ஏற்றத் தொடங்கும், 5ல் முட்டி நிற்கும், அதற்குள் கோட்டா போயிருக்கும்.

சி டிரைவின் அடியில் நேராக ‘குடும்பம்’ என்று ஒரு கோப்புறை உண்டாக்கி அதில் வையுங்கள். ஒன்டிரைவின் பேக்கப்பை அணைக்கும்போது டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரிந்தால் பதற வேண்டாம், கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும் டெஸ்க்டாப்பில் கிடக்கின்றன. நீல மேகக் குறி உள்ளவை லேப்டாப்பில் இல்லாதவை. முதலில் வலது கிளிக்கில் ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்து, பச்சை வட்டம் நிறைந்த பிறகு வெளியே நகலெடுங்கள். வைஃபை அமைப்பில் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ போட்டுவிட்டால் ஒன்டிரைவும் விண்டோஸ் அப்டேட்டும் அடங்கி இருக்கும்.

---

செம்பனை_சாலை:

அக்கா, கித்தா_மரம் ஐயா, இரண்டும் செய்தாகிவிட்டது. படம் 38 ஜிபியும் இரண்டரை மணி நேரத்தில் லேப்டாப்புக்கு வந்துவிட்டது. கோப்பில் 4 மட்டும் நின்றது, நாலும் நீளப் பெயர்.

இன்னும் இரண்டு கேள்வி. எண்களைப் பாதுகாப்புக்காகக் கூகலிலிருந்து சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) இறக்கி எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயரெல்லாம் புரியாத குறிகளாக வருகிறது. அடுத்தது, வாட்ஸ்அப்பை லேப்டாப்பிலும் ஐபேடிலும் இணைத்தால் அதுவே பேக்கப் ஆகிவிடுமா?

---

ஒயர்மேன்:

சிஎஸ்வியை ரெட்டைக் கிளிக் பண்ணித் திறக்காதீங்க. எக்செல் அதைப் பழைய எழுத்துமுறைன்னு நினைச்சுப் படிக்குது, கோப்பு கெடல. வெறும் எக்செல் திறந்து, டேட்டா, ‘ஃப்ரம் டெக்ஸ்ட் / சிஎஸ்வி’, கோப்பைக் காட்டி, ‘ஃபைல் ஆரிஜின்’ல 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்க. தமிழ் வந்துடும். அதே முன்னோட்டத்துல ‘டிரான்ஸ்ஃபார்ம்’ போய் எண் பத்தியை ‘டெக்ஸ்ட்’னு மாத்துங்க, இல்லைன்னா 012ல தொடங்குற நம்பரோட முன் சைபர் காணாமப் போயிடும். குறிகளாத் தெரியும்போது மட்டும் சேவ் பண்ணிடாதீங்க, அப்பதான் நிஜமாவே கெடும். பாதுகாப்புக்குன்னா சிஎஸ்வியோட விகார்ட் வடிவத்துலயும் ஒண்ணு இறக்கி வச்சுக்கங்க. எந்தப் போனும் அதை நேரா வாங்கிக்கும்.

வாட்ஸ்அப்: இல்ல, ஆகாது. நாலு கருவி வரைக்கும் இணைக்கலாம், ஐபேடுக்கும் 2025 மே மாசத்துல இருந்து தனி ஆப் இருக்கு. ஆனா அது எல்லாமே உங்க போன் கணக்கோட கிளைதான். முதன்மைப் போனை 14 நாள் திறக்காம விட்டா கிளை எல்லாம் தானா வெளியேறிடும். பேக்கப் தனியா எடுக்கணும்: செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், வீடியோ சேர்க்கும் சுவிட்சை அணைச்சுட்டு, வாரம் ஒரு முறை, வைஃபையில. வீடியோ இல்லாம எடுத்தா பெரும்பாலும் உங்க மிச்ச இடத்துக்குள்ள அடங்கும். ‘எண்ட் டு எண்ட்’ பூட்டு போட்டா அதோட கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ காகிதத்துல எழுதி வைக்கணும்; தொலைஞ்சா யாராலயும் திறக்க முடியாது.

எல்லாமே இப்ப ஒரு கூகல் கணக்குல தொங்குது, அதனால அந்தக் கணக்கோட சாவியையும் பாருங்க. ரெண்டாம் படிச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பி விடாதீங்க. பிரீபெய்ட் நம்பர்ல காசு போடாம காலாவதி ஆனா அந்த நம்பர் வேற ஆளுக்குப் போயிடும், சரிபார்ப்பு எண்ணும் அவருக்குத்தான் போகும். கணக்கோட பாதுகாப்புப் பக்கத்துல ‘பேக்கப் கோட்ஸ்’ பத்து கிடைக்கும், ஒவ்வொண்ணும் எட்டு இலக்கம், ஒரு முறைதான் செல்லும். அச்செடுத்து நிலப் பத்திரம் வைக்கிற பெட்டியில வைங்க. அப்பாவோட பழைய கணக்கு ஏதாவது தொடாம கிடந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள ஒரு முறையாவது உள்ள போங்க, அதுக்கு மேல தொடாத கணக்கை கூகல் அழிக்கலாம்.

---

தட்டச்சு_அக்கா:

ஒன்று விட்டுப்போயிற்று. லேப்டாப்பில் வெர்ஷனிங் இருந்தாலும் அந்த வட்டே போனால் படமும் போகும், பழைய பிரதியும் போகும். ஒரு வெளி வட்டு வாங்கி மாதம் ஒரு முறை ‘குடும்பம்’ கோப்புறையை அதில் நகலெடுங்கள். விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி பயன்படுத்தினால் ‘மிர்’ (/MIR) சுவிட்சைப் போடாதீர்கள். லேப்டாப்பில் இல்லாததை வெளி வட்டிலும் அழித்துவிடும். ‘இ’ (/E) சுவிட்ச் போதும், அது வெளி வட்டில் உள்ள எந்தக் கோப்பையும் நீக்காது.

வட்டைச் செருகியே வைக்க வேண்டாம். நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். சாயங்காலம் இடி தொடங்கினால் ரவுட்டரின் அடாப்டரையும் லேப்டாப் சார்ஜரையும் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

---

செம்பனை_சாலை:

சரி அக்கா. வட்டை எக்ஸ்ஃபேட்டில் பார்மட் செய்யலாமா, என்டிஎஃப்எஸ்ஸா?

---

தட்டச்சு_அக்கா:

லேப்டாப்பில் மட்டும் செருகுவதென்றால் என்டிஎஃப்எஸ். ஐபேடிலும் செருகிப் படம் பார்க்க வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட், ஆனால் ஒவ்வொரு முறையும் ‘இஜெக்ட்’ கொடுத்த பிறகே உருவுங்கள். ஃபேட்32 மட்டும் வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ அதில் ஏறாது.